பிள்ளைகள் கேட்கும் நாளில்





இந்த வாரத் தியானப் பகுதி: யோசுவா 4:1-9, சங்கீதம் 78:1-8.

அரையாண்டுத் தேர்வுகள் முடிந்துவிட்டன. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கும் புத்தாண்டு ஆராதனைக்கும் இடைப்பட்ட இந்தச் சில நாட்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு முழு விடுதலை. வெயில் தணிந்திருக்கிறது, காவிரிப் படுகையெங்கும் சம்பாப் பயிர் செழித்து நிற்கிறது, காலைப்பனியில் வாசல்தோறும் மார்கழிக் கோலங்கள். "ஐயா, பிள்ளைகளை ஓரிரு நாள் எங்காவது அழைத்துப் போகலாம் என்றிருக்கிறோம், எங்கே போகலாம்?" என்று சபையாரில் சிலர் ஆண்டுதோறும் என்னிடம் கேட்பதுண்டு. என் பதிலும் ஆண்டுதோறும் ஒன்றுதான்: தஞ்சாவூருக்குப் போங்கள். ஏன் அந்த ஊர், அங்கே பிள்ளைகளோடு எப்படிச் சுற்ற வேண்டும் என்பதை இம்முறை எழுத்திலேயே தர விரும்புகிறேன்.

யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து வந்து, தாங்கள் தங்கிய இடத்தில் வைத்தார்கள். அந்தப் பகுதியை வாசிக்கும்போது ஒரு காரியத்தைக் கவனியுங்கள். அந்தக் கற்களின்மேல் எதையும் எழுதும்படி கட்டளை பிறக்கவில்லை. பிற்காலத்தில் பிள்ளைகள் அவற்றைப் பார்த்து, இவை எதற்கு என்று கேட்பார்கள் என்றும், அப்பொழுது தகப்பன்மார் பதில் சொல்ல வேண்டும் என்றும்தான் சொல்லப்பட்டது. கல் தானாகப் பேசாது. பிள்ளை கேட்க வேண்டும். பெற்றோர் வாய் திறக்க வேண்டும். தகப்பன் வாய் திறவாமற்போனால் அடுத்த தலைமுறைக்கு அது வெறும் பாறைதான்.

எழுபத்தெட்டாம் சங்கீதம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. தங்கள் முன்னோர் சொன்னவற்றைப் பின்வரும் சந்ததிக்கு மறைக்கமாட்டோம் என்ற உறுதியோடு தொடங்குகிறது. தொடர்ந்து வாசித்தால், கர்த்தருடைய அதிசயங்களுக்கு நடுவே முன்னோரின் முரட்டாட்டமும் மறதியும் நன்றிகேடும் வரிசையாக வருகின்றன. பிள்ளைகள் முன்னோரைப்போல் ஆகாதபடிக்கே இவையெல்லாம் சொல்லப்படுவதாக எட்டாம் வசனம் காரணமும் காட்டுகிறது. பெருமைக்குரியதை மட்டும் தெரிந்தெடுத்துச் சொல்வது வேதம் காட்டும் வழி அன்று. இந்த இரண்டு பகுதிகளையும் மனதில் வைத்துக்கொண்டு தஞ்சை நகருக்குள் வாருங்கள்.

முதலில் பெரிய கோயில். கிறிஸ்தவப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லலாமா என்று தயங்குகிறவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய மனச்சாட்சியை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆனாலும் பவுல் அப்போஸ்தலன் அத்தேனே பட்டணத்தில் சுற்றித் திரிந்து, அம்மக்களின் ஆராதனைக்குரியவற்றைக் கவனித்துப் பார்த்த பின்புதான் அவர்களோடு பேசினான் என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் 17ஆம் அதிகாரம் சொல்கிறது. நம்மோடு வாழும் மக்கள் எதைப் போற்றுகிறார்கள் என்பதை மரியாதையோடு அறிந்துகொள்வது விசுவாசத்துக்குக் குறைவாகாது. காலணிகளைக் கழற்றிவிட்டு, வழிபடுகிறவர்களுக்கு இடையூறு செய்யாமல், அமைதியாகப் பாருங்கள். டிசம்பர் மாதத்தில் ஐயப்ப பக்தர்களின் கூட்டம் மிகுதி. காலையில் முந்திச் செல்வது நல்லது.

கி.பி. 1010இல் முதலாம் இராசராசன் கட்டி முடித்த கோயில் அது. விமானத்தின் உயரம் ஏறத்தாழ 216 அடி. கருங்கல் மலையே இல்லாத வண்டல் நிலத்தில், முழுவதும் கருங்கல்லால் எழுந்து நிற்கிறது. பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பார்கள், பார்க்கட்டும். பிறகு அவர்களைச் சுவரின் அருகே அழைத்துச் சென்று, கீழ்ப்பகுதியைச் சுற்றிலும் வெட்டப்பட்டிருக்கும் எழுத்துகளைக் காட்டுங்கள். தான் கொடுத்தவற்றோடு தன் தமக்கை கொடுத்தவற்றையும், தன் பெண்டிர் கொடுத்தவற்றையும், மற்றவர்கள் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டும்படி அரசன் ஆணையிட்டான். பெருந்தச்சனாகிய குஞ்சரமல்லனின் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது. நெகேமியா புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தை வாசிக்கும்போது, அலங்கத்தின் இன்னின்ன பகுதியை இன்னின்னார் கட்டினார்கள் என்ற நீண்ட பட்டியலைக் கண்டு நம்மில் பலர் வேகமாகக் கடந்துவிடுகிறோம். தட்டாரும் தைலக்காரரும் வர்த்தகரும் சல்லூமின் குமாரத்திகளும் அங்கே இடம்பெறுகிறார்கள். பெரிய வேலை எதுவும் தனி ஒருவரால் நடப்பதில்லை என்பதைப் பிள்ளைக்கு விளக்க இந்தச் சுவரைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைப்பது அரிது.

அதே கல்வெட்டுகளில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் இருக்கின்றன. சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து கொண்டுவந்து தஞ்சையில் குடியேற்றப்பட்ட ஆடல் மகளிர் அவர்கள். எந்தத் தெருவில் எந்த வீடு, ஆண்டுக்கு எவ்வளவு நெல் என்பதுகூடப் பதிவாகியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நான் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது, அப்போது எட்டாம் வகுப்பு படித்துவந்த என் மகள், "அப்பா, இங்கே வர விருப்பமா என்று அவர்களை யாராவது கேட்டார்களா?" என்றாள். கல்வெட்டில் அதற்குப் பதில் இல்லை. அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் சிறிது நேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இத்தகைய கேள்விகளைக் கேட்பார்கள், பிரியமானவர்களே. அதற்காகத்தான் அவர்களை அழைத்துச் செல்கிறோம்.

இன்னும் ஒரு சிறு சோதனையையும் அங்கே செய்து பாருங்கள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாரேனும் உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுவார்கள். மறுத்து வாதாட வேண்டாம். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் காலம். நண்பகல் வேளையில் விமானத்தின் வடபுறம் போய் நில்லுங்கள். நிழல் தரையில் நீண்டு கிடப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஆயிரம் ஆண்டுகளாக உறுதியாக நிற்கும் கட்டடத்துக்குப் பொய்யான புகழ் தேவையில்லை. நம்முடைய சாட்சிக் கூட்டங்களுக்கும் இது பொருந்தும். நடந்ததைவிடப் பெரிதாக்கிச் சொல்லப்படும் அற்புதங்கள் தேவனுடைய மகிமைக்கு எதையும் கூட்டுவதில்லை. பிள்ளை வளர்ந்து ஒருநாள் அந்த நிழலைத் தானே காணும்போது, நாம் சொன்ன உண்மைகளையும் சேர்த்து சந்தேகிக்கத் தொடங்கிவிடும்.

மறுநாள் காலை அரண்மனைக்குச் செல்லுங்கள். அங்கேதான் சரசுவதி மகால் நூலகம் இருக்கிறது. நாயக்கர் காலத்து அந்த நூலகத்தைப் பெரிதும் வளர்த்தவர் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்தவர். ஓலைச்சுவடிகளோடு ஐரோப்பிய நூல்களையும் விரும்பிச் சேர்த்தார். கண்நோயாளிகளுக்குச் செய்யப்பட்ட சிகிச்சையை, அவர்களுடைய கண்களின் படங்களோடு பதிவு செய்து வைத்தார். இந்த மன்னருக்கு அறிவின்மேல் இவ்வளவு தாகம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு, பதிலை உடனே சொல்லாமல் சிவகங்கைப் பூங்காவை நோக்கி நடந்து வாருங்கள். பெரிய கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில், பூங்காவை அடுத்து ஒரு பழைய ஆலயம் நிற்கிறது. 1779இல் சுவார்ட்ஸ் ஐயர் கட்டியது. பூட்டியிருந்தால் பொறுப்பானவர்களைக் கேட்டுத் திறக்கச் செய்யுங்கள். உள்ளே ஒரு வெண்பளிங்குச் சிற்பம் இருக்கிறது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கியது. ஒரு முதியவர் மரணப்படுக்கையில் கிடக்கிறார். அரச உடையில் ஓர் இளைஞன் அருகே நின்று அவருடைய கையைப் பற்றியிருக்கிறான். படுத்திருப்பவர் சுவார்ட்ஸ். நிற்பவர் சரபோஜி. இந்தச் சிற்பத்தைச் செய்வித்தவரும் அந்த மன்னரே.

கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் 1726இல் பிறந்தவர். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினார். அதன்பின் தாயகம் திரும்பவே இல்லை. திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சையிலும் ஊழியம் செய்தார். ஐதர் அலியிடம் 1779இல் தூது சென்றார். போர்க்காலத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் மக்கள் பசியால் மடிந்தபோது, வெளியூர்களில் நெல் இருந்தும் அதைச் சுமந்து வர மாடுகள் கிடைக்கவில்லை. அதிகாரத்தில் இருந்தவர்கள் கூலி தருவார்கள் என்று குடியானவர்கள் நம்பவில்லை. சுவார்ட்ஸ் ஐயர் தம் வாக்கைக் கொடுத்தார். இரண்டு மூன்று நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. நெல் கோட்டைக்குள் வந்தது. கூலியைத் தவறாமல் கொடுத்தார். ஓர் ஊழியனுடைய வார்த்தைக்கு அரசின் வார்த்தையைவிட மதிப்பு இருந்த நாட்கள் அவை. பேரம் பேசாமல் நம்பிக் கடன் தருகிற மளிகைக் கடைக்காரர் இன்று நம்மைப் பற்றி என்ன சொல்லுவார் என்று நான் அவ்வப்போது எண்ணிக்கொள்வதுண்டு.

1787இல் துளஜா மன்னர் மரணத் தறுவாயில் இருந்தபோது, தாம் சுவீகாரம் எடுத்த பத்து வயதுச் சிறுவன் சரபோஜியைச் சுவார்ட்ஸ் ஐயரின் பாதுகாப்பில் ஒப்புவிக்க விரும்பினார். சில ஆண்டுகள் சென்றபின் அந்தச் சிறுவன் அடைபட்டுப் படிப்பில்லாமல் வாடியபோது, அவனுக்காகக் கும்பினி அதிகாரிகளிடம் வாதாடியவர் இந்த முதியவரே. அவனுக்கு ஆசிரியராக இருந்தார், தகப்பனைப்போல் இருந்தார். 1798 பிப்ரவரியில் அவர் கண்மூடினார். சில மாதங்கள் கழித்து, அதே ஆண்டில், சரபோஜி அரியணை ஏறினார். வளர்த்தவர் அந்த நாளைக் காணவில்லை. தூய பேதுரு ஆலயத்தில் உள்ள அவருடைய கல்லறைக்கு, சரபோஜி தாமே ஆங்கிலத்தில் ஒரு கவிதை எழுதினார்.

சரபோஜி கிறிஸ்தவர் ஆகவில்லை. தம் முன்னோரின் சமயத்திலேயே கடைசிவரை நிலைத்திருந்தார். தம் குலத்தின் வரலாற்றைப் பெரிய கோயிலின் சுவரில் மராட்டியில் வெட்டுவித்தவர் அவர். "அப்படியானால் சுவார்ட்ஸ் ஐயர் அந்த மன்னரிடத்தில் தோற்றுப்போனாரா?" என்று வேதாகமப் பள்ளிப் பிள்ளைகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பளிங்கை இன்னொரு முறை பாருங்கள் என்பதே என் பதில். அவர் சுவிசேஷத்தை மறைத்தவர் அல்லர். எவரையும் கட்டாயப்படுத்தியவரும் அல்லர். தம்மிடம் வந்த பிள்ளையை, அவன் எதை ஏற்றுக்கொள்வான் என்று கணக்குப் பாராமல் நேசித்தார். பலனைத் தேவனிடத்தில் விட்டுவிட்டார். இன்று வேற்றுச் சமயத்து அயலாரோடு நாம் கொள்ளும் நட்பில் இந்தப் பொறுமையும் இந்த நேர்மையும் சேர்ந்திருக்கின்றனவா என்று நம்மை நாமே ஆராய்ந்து பார்க்கலாம்.

இதோடு நிறுத்திக்கொண்டால் தஞ்சைப் பயணம் இனிமையாக முடிந்துவிடும். ஆனால் எழுபத்தெட்டாம் சங்கீதம் நம்மை நிறுத்தவிடாது.

சுவார்ட்ஸ் ஐயர் தம்மோடு தஞ்சைக்கு அழைத்து வந்து வளர்த்த இன்னொரு சிறுவன் உண்டு. 1774இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம். சரபோஜியைவிட மூன்று வயது மூத்தவர். பின்னாளில் வேதநாயக சாஸ்திரியார் என்றும் சுவிசேஷக் கவிராயர் என்றும் நாம் போற்றும் அருட்கவி அவரே. பெத்லகேம் குறவஞ்சியை இயற்றியவர். இந்தப் பண்டிகை நாட்களில் அவருடைய கீர்த்தனைகளைப் பாடாத தமிழ்ச் சபைகள் குறைவு. தமிழ் மண்ணின் இசையிலே இரட்சகரைப் பாடக் கற்றுத் தந்தவர்களில் அவர் முதன்மையானவர். அவருக்காக நான் தேவனைத் துதிக்கிறேன்.

அதே சாஸ்திரியார், திருச்சபைக்குள் சாதி ஆசாரங்கள் தொடர வேண்டும் என்று வாதாடி எழுதியவர். அந்நாளில் தஞ்சைச் சபையில் வேளாளர் ஒரு புறமும் தாழ்த்தப்பட்டோர் மறு புறமும் அமர்ந்தார்கள். சுவார்ட்ஸ் ஐயர் காலத்திலும் அந்தப் பிரிவினை நீங்கவில்லை. பின்வந்த இளம் மிஷனரிகள் அதை மாற்ற முயன்றபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாடு சபையைவிட்டு முற்றிலும் அகல வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். ஒரே மேசையில் பந்திருப்பதைவிடச் சபையைவிட்டு விலகுவது மேல் என்று பலர் விலகினார்கள். அப்பமும் பாத்திரமும் ஒன்றே; ஆனால் உட்காரும் இடம் வேறு வேறு. கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், புறஜாதியாரோடு உண்பதைவிட்டு விலகிய பேதுருவைப் பவுல் எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தானே, அதே பாவம் நம் ஆலயங்களில் தலைமுறை தலைமுறையாகப் பாய் விரித்து அமர்ந்திருந்தது.

இதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டுமா? சபை மூப்பர் ஒருவர் என்னிடம் வருத்தத்தோடு கேட்டார்: "ஐயா, நம்முடைய பரிசுத்தவான்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நல்லதைச் சொன்னால் போதாதா? பழைய கதையை ஏன் கிளற வேண்டும்?" அவர் என்மேலும் சபையின்மேலும் அன்புள்ளவர். நான் சொன்ன பதில் இதுதான்: "அது பழைய கதையாக இருந்தால் நானும் விட்டுவிடுவேன் ஐயா. திருமண ஓலை வாசிக்கும்போது சபையார் ஒருவர் காதில் ஒருவர் என்ன கேட்டுக்கொள்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்." அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்றும் நம் தமிழ்நாட்டில் சில இடங்களில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் நிற்கிறது. உயிர்த்தெழுதலில் நம்பிக்கை உள்ளவர்கள் என்று சொல்லிக்கொண்டே, புதைக்கும் மண்ணைப் பிரித்து வைத்திருக்கிறோம். நம் பிள்ளைகள் இதைக் காணாமல் இல்லை. பள்ளியில் ஒரே விசுப்பலகையில் அமர்ந்து உணவைப் பகிர்ந்துகொள்கிற பிள்ளை, தன் நண்பனின் ஆலயம் ஏன் வேறு தெருவில் இருக்கிறது என்று ஒருநாள் கேட்கும். அப்போது நாம் மழுப்பினால், நம்முடைய மற்ற எல்லாப் பதில்களிலும் அது நம்பிக்கை இழக்கும்.

பரிசுத்த வேதாகமம் தன் மனிதர்களை மறைப்பதில்லை. தாவீதின் சங்கீதங்கள் இருக்கின்றன. உரியாவின் வீடும் இருக்கிறது. பேதுருவின் அறிக்கை இருக்கிறது; சேவல் கூவியதும் இருக்கிறது. சாஸ்திரியாரின் கீர்த்தனையை முழு இருதயத்தோடு பாடுங்கள். அந்தக் கீர்த்தனையின் ஆண்டவர் அவரையும் கடந்து பெரியவர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். குறையுள்ள பாத்திரங்களில்தான் தேவன் தம் பொக்கிஷத்தை வைத்தார். பாத்திரத்தின் விரிசலைப் பிள்ளைக்குக் காட்டுவது பொக்கிஷத்தை இகழ்வதாகாது. அடுத்த விரிசல் தன் கையால் விழாதபடி அந்தப் பிள்ளை எச்சரிக்கை அடையும்.

ஊருக்குத் திரும்புமுன் பிள்ளைகள் தலையாட்டிப் பொம்மை கேட்பார்கள். வாங்கிக் கொடுங்கள். எப்படித் தள்ளினாலும் அது ஆடி ஆடி மறுபடியும் நிமிர்ந்து நிற்பதைக் கண்டு சிரிப்பார்கள். பாரம் அடியில் இருப்பதால்தான் அது நிற்கிறது. தலையில் பாரத்தை வைத்தால் முதல் தள்ளலிலேயே விழுந்து கிடக்கும். வேலைக்காகவும் மேற்படிப்புக்காகவும் நம் பிள்ளைகள் எங்கெங்கோ போகப்போகிறார்கள். பலவிதமான கைகள் அவர்களைத் தள்ளும். கர்த்தர் நம் முன்னோருக்குச் செய்தவையும், நம் முன்னோர் கர்த்தருக்கு முன்பாகத் தவறியவையும், இரண்டுமே அடியில் பாரமாக இருக்கட்டும்.

பயணத்துக்கான சில எளிய ஆலோசனைகள். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். நாளொன்றுக்கு இரண்டு இடங்கள் போதும். கைப்பேசியில் படம் எடுக்குமுன், பிள்ளைகளைக் கண்ணால் பார்க்கவும் கேள்வி கேட்கவும் விடுங்கள். பதில் தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லி, வீட்டுக்கு வந்து சேர்ந்து தேடுங்கள். இரவு தங்கும் இடத்தில் யோசுவா நான்காம் அதிகாரத்தையும் எழுபத்தெட்டாம் சங்கீதத்தையும் ஆளுக்குச் சில வசனங்களாக வாசியுங்கள். உங்கள் சொந்தக் குடும்பம் விசுவாசத்துக்குள் வந்த வரலாற்றையும் அன்று சொல்லுங்கள்: தாத்தா எந்த ஊரில் ஞானஸ்நானம் பெற்றார், பாட்டி எந்தப் பள்ளியில் எழுத்தறிந்தார், யார் அவர்களுக்கு உதவினார்கள், யாரை அவர்கள் விலக்கி வைத்தார்கள். தஞ்சைக்குப் போக இயலாத குடும்பங்கள் மனம் சோரவேண்டாம். உங்கள் ஊர் ஆலயத்தின் அடிக்கல்லில் ஓர் ஆண்டு வெட்டப்பட்டிருக்கும். பிள்ளையின் கையைப் பிடித்து அதன்முன் நிறுத்துங்கள்.

ஜெபிப்போம்.

தலைமுறை தலைமுறையாய் எங்களுக்கு அடைக்கலமான தேவனே, இந்த விடுமுறை நாட்களுக்காக உம்மைத் துதிக்கிறோம். பயணம் செல்லும் குடும்பங்களைச் சாலையிலும் இருப்புப்பாதையிலும் காத்தருளும். எங்களுக்கு முன்னே உழைத்து ஓய்ந்த ஊழியருக்காகவும் கவிஞருக்காகவும் பெயர் தெரியாத விசுவாசிகளுக்காகவும் நன்றி செலுத்துகிறோம். உமது பந்தியில் நாங்கள் எழுப்பிய சுவர்களை எங்களுக்கு மன்னியும். இன்னும் இடிக்கப்படாமல் இருப்பவற்றை எங்கள் நாட்களிலேயே இடிக்கப் பெலன் தாரும். எங்கள் பிள்ளைகள் கேட்கும்போது, உண்மையைச் சொல்லும் நாவையும், அதை அன்போடு சொல்லும் இருதயத்தையும் எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.